காக்காயேந்தலின் மழைக் கைதட்டு

காக்காயேந்தல் பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலாக மழை பெய்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, டீயும் பிஸ்கட்டும் வருவதற்குச் சற்று முன்னால். வெளியே ஆடி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை, ஊரைச் சுற்றியிருந்த சீமைக்கருவேலங்காட்டில் ஒரு இலை அசையவில்லை. மழை பெய்தது கூரைக்கு மேலே அல்ல, கூரைக்குக் கீழே, காங்கிரீட் தளத்தின் அடிப்பக்கத்திலிருந்து, மின்விசிறிக்கும் டியூப் லைட்டுக்கும் நடுவிலிருந்து, பயிற்சிக்கு வந்திருந்த பன்னிரண்டு ஆசிரியர்கள் தலையிலும் பயிற்சி கொடுக்க வந்திருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் தலையிலும் பாரபட்சம் பார்க்காமல் பெய்தது. ஒன்றரை நிமிடம் பெய்துவிட்டு நின்றது. அதற்குப் பிறகு டீ வந்தது.

அந்த இரண்டு பேரும் டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள். வசதியில்லாத நாடுகளில், வசதியில்லாத ஊர்களில், வசதியில்லாத பள்ளிக்கூடங்களில் வேலை பார்க்கிற ஆசிரியர்களுக்கு எப்படி வேலை பார்ப்பது என்று சொல்லிக்கொடுப்பதற்காக அங்கே ஒரு தொண்டு நிறுவனம் இருந்தது, அது அனுப்பி வைத்திருந்தது. மூத்தவர் இங்கர் அம்மாள், அறுபத்தைந்து வயது, முப்பது வருடம் மழலையர் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவர், அந்த முப்பது வருடத்தில் ஒரே நேரத்தில் பதினோரு பிள்ளைகளுக்கு மேல் பார்த்தவரில்லை. இளையவர் யோனாஸ், இருபத்துநாலு வயது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது எப்படி என்று மூன்று வாரப் பயிற்சி எடுத்தவர், அதுவரை எந்தப் பிள்ளைக்கும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் இரண்டு பேருமே தங்கமான மனுஷர்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். போட்டதைச் சாப்பிட்டார்கள், தரையில் சம்மணம் போட்டு உட்காரப் பழகினார்கள், ஆட்டுக்குட்டியைப் பார்த்தாலும் தலைமையாசிரியரைப் பார்த்தாலும் ஒரே மாதிரி சந்தோஷப்பட்டார்கள். அவர்கள் பேசுவதைத் தமிழிலும் இவர்கள் பேசுவதை ஆங்கிலத்திலும் சொல்வதற்கு வட்டார வள மையத்திலிருந்து தேவசகாயம் சார் வந்திருந்தார். இருமினால்கூட இருமியதாக மொழிபெயர்க்கிற மனுஷர் அவர்.

சுற்றியுள்ள ஆறு ஊர்ப் பள்ளிகளுக்கும் சேர்த்துப் பயிற்சி. மையம் காக்காயேந்தல், ஏனென்றால் அங்கேதான் பெரிய அறை இருந்தது. அந்தப் பெரிய அறையில்தான் ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பும் நடந்துகொண்டிருந்தது என்பதால், பயிற்சிக்காகப் பத்தொன்பது பிள்ளைகளும் வராந்தாவுக்கு மாற்றப்பட்டார்கள். அந்தப் பள்ளிக்கு இருந்ததே இரண்டு ஆசிரியர்கள், தலைமையாசிரியர் இருளப்பனும் உதவி ஆசிரியை செசிலி டீச்சரும், இரண்டு பேருமே உள்ளே பயிற்சியில் இருந்ததால் பிள்ளைகள் வராந்தாவில் தாங்களாகவே வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

முதல் நாள் எல்லோரும் தங்களுக்குப் பிடித்த பழத்தின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துச் சொன்னார்கள். ஐம்பத்தேழு வயது இருளப்பன் அன்றைக்கு முழுவதும் இலந்தை இருளப்பனாக இருந்தார். செசிலி டீச்சர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். ஒரே அறை, ஐந்து வகுப்பு, பத்தொன்பது பிள்ளை, இதில் எழுத்து தெரிந்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளையைத் தனியாக வாசிக்க வைப்பதற்கு நேரத்தை எங்கேயிருந்து எடுப்பது என்று கேட்டார். யோனாஸ் அருமையான கேள்வி என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லி, சுவரில் ஒட்டியிருந்த ‘வாகன நிறுத்தம்’ என்ற சார்ட்டில் எழுதினார். பதில் தெரியாத கேள்விகளையெல்லாம் அங்கே நிறுத்தி வைப்பது அவர்கள் வழக்கம். கடைசிவரை அது அங்கேயே நின்றது.

இரண்டாம் நாள்தான் மழைக் கைதட்டு. பயிற்சிக்குப் போகிற ஆசிரியர்களுக்கெல்லாம் இது தெரியும். ஒருவர் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் சும்மா தட்டக் கூடாது, இடது உள்ளங்கையில் வலது கையின் ஒரு விரலால் தட்ட வேண்டும், பிறகு இரண்டு விரல், மூன்று, நாலு, ஐந்து, அப்படியே திரும்ப இறங்கி ஒன்று. அறை முழுக்கத் தட்டினால் தூறலாக ஆரம்பித்துப் பெருமழையாகப் பிடித்து ஓய்ந்ததைப் போல ஓசை வரும். அன்றைக்கு யோனாஸ் கண்ணை மூடிக்கொண்டு, ஆசிரியர் என்பவர் பானையை நிரப்புகிறவர் அல்ல, விதைக்குள் உறங்குகிற காட்டைக் கனவு காண்கிற தோட்டக்காரர் என்று சொன்னார். தேவசகாயம் சார் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னார். பன்னிரண்டு பேரும் ஒரு விரலில் ஆரம்பித்தார்கள். மூன்று விரலுக்கு வந்தபோது தளம் வியர்த்தது, ஐந்து விரலுக்குக் கொட்டியது.

யாரும் கூச்சல் போடவில்லை. இருளப்பன் வருகைப் பதிவேட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். இங்கர் அம்மாள் குடையை விரித்தார். சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த சத்துணவு ஆயா, சாம்பார் அண்டாவைக் கவிழ்த்துக் கழுவி அறைக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தார், நின்ற பிறகு ஒரு கை அள்ளிக் குடித்தார், குடித்துவிட்டு வாசலில் நின்று ஊரைப் பார்த்து, தண்ணி இனிக்குது என்றார்.

அந்தச் செய்தியின் கனம் தெரிய வேண்டுமென்றால் காக்காயேந்தலில் தண்ணீர் குடித்துப் பார்த்திருக்க வேண்டும். எங்கே தோண்டினாலும் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஊரணி வற்றிவிட்டால் பெண்கள் எட்டுக் குடம் வைக்கிற தள்ளுவண்டியை நாலு மைல் தள்ளிக்கொண்டு போய், இன்னொரு ஊர்க்காரர்களிடம் நாலு பேச்சு வாங்கிக்கொண்டு, பிடித்து வர வேண்டும். அதனால் மறுநாள் காலை பயிற்சி ஆரம்பிப்பதற்குள் பள்ளிக்கூட வாசலில் முப்பத்தாறு தள்ளுவண்டிகள் வரிசை கட்டி நின்றன.

ஒரு வாரத்துக்குள் ஊர் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டது. ஊர்க்காரர்கள் தட்டினால் பெய்யவில்லை, பிள்ளைகள் தட்டினால் பெய்யவில்லை, வெள்ளைக்காரர்கள் இல்லாமல் ஆசிரியர்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு தட்டியபோது சுவரில் கொஞ்சம் ஈரம் பூத்தது, அவ்வளவுதான். பேனர் கட்டியிருக்க வேண்டும், பயிற்சி நடக்க வேண்டும், யாராவது எழுந்து பேச வேண்டும், பேசியதைப் பாராட்டி ஆசிரியர்கள் தட்ட வேண்டும். அதிலும் ஒரு கணக்கு இருந்தது. பேசியதில் எவ்வளவு குறைவாக விஷயம் இருந்ததோ அவ்வளவு நன்றாகப் பெய்தது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சிலவற்றைச் சொல்லக் கூடாது. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

காக்காயேந்தல் பெண்களைப் போலப் பேச்சை நிறுத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அந்த வருடம் நாட்டில் வேறெங்கும் இருந்திருக்க முடியாது. ‘மாற்றம் நம்மிடமிருந்தே தொடங்கட்டும்’ என்றால் வண்டிக்கு ஒரு குடம். ‘ஒவ்வொரு குழந்தையும் ஒரு நட்சத்திரம்’ என்றால் இரண்டு. ‘கற்றல் ஒரு பயணம், இலக்கு அல்ல’ என்பது நம்பகமான மூன்று குடம், வாரத்துக்கு ஒரு முறை சொன்னாலும் வற்றாது. தோட்டக்காரர் வாக்கியம் எட்டுக் குடத்தையும் நிரப்பிவிட்டு வாசல்படி தாண்டும் என்பதால் அதைக் காதுகுத்து, வளைகாப்பு என்று விசேஷ வீடுகளுக்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள். விசேஷ வீட்டுக்காரர்கள் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து, யோனாசு தம்பி வர்ற வெள்ளிக்கிழமை அந்தத் தோட்டக்காரனைச் சொல்லணும் என்று தேவசகாயம் சாரிடம் முறையாகக் கேட்டுக்கொண்டு போவார்கள்.

ஊராட்சித் தலைவி வீட்டுக்காரர் நாகமுத்து ஒரு நாள் வாழ்த்துரைக்கு வந்தார். தலைவி அவர் மனைவிதான், ஆனால் தலைவியின் வாய் அவரிடம் இருந்தது. கல்வியைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். அன்றைக்குக் கைதட்டல் ஓய்ந்த பிறகும் மழை ஓயவில்லை, பெஞ்சுகள் மிதந்தன, சான்றிதழ்கள் வராந்தா வழியாக வெளியேறி ஊரணி வரைக்கும் போயின. அதன் பிறகு அவரைக் கூப்பிடுவதென்றால் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டுத்தான் கூப்பிடுவது என்று ஊர் முடிவெடுத்தது. தனக்குக் கிடைத்த அந்த மரியாதையில் அவர் பூரித்துப் போனார்.

கல்வி அலுவலர் வந்து பார்த்துவிட்டுத் தளத்தில் ஒழுக்கு இருப்பதாக எழுதினார். பொறியாளர் வந்து தளத்தில் ஒழுக்கு இல்லை என்று எழுதி, வெள்ளையடிக்கப் பரிந்துரைத்தார். குடிநீர் ஆய்வுக்காரர்கள் ஒரு பாட்டிலில் பிடித்துப் போய், குடிக்க உகந்தது, ஆதாரம் தெரியவில்லை என்று சீட்டு அனுப்பினார்கள். யோனாஸ் தன் நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில், இதுவரை எந்த நாட்டிலும் ஆசிரியர் பயிற்சியை ஒரு ஊரே திரண்டு வந்து வாசலில் நின்று ஆதரித்ததில்லை என்றும், இங்கே வெறும் குடத்தோடு வந்து நிற்பது அறிவுத் தாகத்தைக் காட்டுகிற பழங்கால மரபு என்றும் குறிப்பிட்டார். மழையைப் பற்றி ‘உள்ளரங்க ஈரப்பதம் சற்று அதிகம்’ என்று ஒரு வரி எழுதினார். நிறுவனம் நெகிழ்ந்துபோய், பதினைந்து நாள் பயிற்சியைக் கல்வியாண்டு முழுவதற்கும் நீட்டித்தது.

அப்படியாக ஆறு ஊர் ஆசிரியர்கள் ஆடியிலிருந்து பங்குனி வரை பயிற்சி பெற்றார்கள். அடிப்படைச் சான்றிதழ் பெற்றார்கள், இடைநிலை பெற்றார்கள், உயர்நிலை பெற்றார்கள், அதற்கு மேல் நிலை இல்லாததால் மறுபடி அடிப்படையிலிருந்து ஆரம்பித்தார்கள். பிள்ளைகளைப் பாராட்டுவது எப்படி, பிள்ளைகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி, பிள்ளைகளின் கண்ணைப் பார்த்துப் பேசுவது எப்படி என்று எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தார்கள். பிள்ளைகளைத்தான் பார்க்க முடியவில்லை. காக்காயேந்தல் பள்ளியில் மட்டும் வருகை நூற்றுக்கு நூறு, ஏனென்றால் வருகிற பிள்ளை கையில் ஆளுக்கொரு குடம்.

செசிலி டீச்சருக்கு மழை பிடிக்காமல் இல்லை. அவரும் உப்புத் தண்ணீரில் தலைமுடி கொட்டியவர்தான், அவரும் முதல் வாரம் இரண்டு குடம் பிடித்து வாடகை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆசை தீரக் குளித்தவர்தான். அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது முத்திருளாயி.

ஐந்தாம் வகுப்பில் இருந்த ஒரே பிள்ளை முத்திருளாயி. வருடம் முடிந்தால் டவுனில் இருக்கிற உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டியவள். அவள் அப்பா கருமலையான் சீமைக்கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர், ஒரு எழுத்து தெரியாதவர், பள்ளி திறந்த வாரமே வாசலில் வந்து நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“டீச்சர், இவ அக்காளும் இங்கதான் அஞ்சு வருசம் வந்தா. புஸ்தகத்தைக் குடுத்தா கடகடன்னு ஒப்பிப்பா. டவுன்ல பஸ் போர்டைக் காட்டி வாசி ஆத்தான்னேன், முழிச்சிக்கிட்டு நிக்கிறா. இவ நெசமா வாசிக்கிறாளுன்னு எனக்குத் தெரிஞ்சா ஆறாப்புக்கு அனுப்புறேன். இல்லேன்னா சித்திரையிலயிருந்து மூட்டத்துக்கு வரட்டும்.”

முத்திருளாயிக்கு எல்லா எழுத்தும் தெரியும், எல்லாப் பாட்டும் தெரியும், முழுப் புத்தகமும் மனப்பாடம். முன்பின் பார்க்காத ஒரு வரியைக் காட்டினால் மட்டும் உதடு ஒட்டிக்கொள்ளும். மூன்று மாதம் பக்கத்தில் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று செசிலி டீச்சருக்குத் தெரியும், பதினெட்டு வருட அனுபவத்தில் அப்படி எத்தனையோ பிள்ளைகளைத் தாண்ட வைத்திருக்கிறார். அந்த மூன்று மாதம்தான் அவரிடம் இல்லை.

கார்த்திகையில் ஒரு நாள் அவர் பொறுக்கமாட்டாமல் முத்திருளாயியைக் கூட்டிவந்து, பயிற்சி அறையின் பின்மூலையில் உட்கார வைத்து, பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்தார். முன்னால் யோனாஸ் பேசிக்கொண்டிருந்தார், கைதட்டல் எழுந்தது, மழை பிடித்தது. செய்தித்தாள் நனையவில்லை. பிள்ளை விரல் வைத்து, க, ப், ப என்று தடவித் தடவிக் கப்பல் என்று கண்டுபிடித்தபோது, அந்த இரண்டு தலைகளுக்கு மேலே மட்டும் தளம் காய்ந்து கிடந்தது. உள்ளே குடம் பிடித்துக்கொண்டு நனைந்த மற்றப் பிள்ளைகள் இதைப் பார்த்துக் காய்ந்த இடம் என்று ஒதுங்க வந்தார்கள், வந்தவர்களுக்கும் டீச்சர் ஆளுக்கொரு வார்த்தை காட்டினார், மறுநாள் பத்தொன்பது பேரும் வந்துவிட்டார்கள். காய்ந்த இடம் பரவிப் பாதி அறையை எட்டியது. வாசலில் எட்டுக் குடத்துக்கு நாலு குடம்தான் நிரம்பியது.

ஊர் கூடியது. யாரும் சண்டை போடவில்லை. டீச்சரை உட்கார வைத்து மோர் கொடுத்துத்தான் பேசினார்கள். பாடம் நடத்துவது நல்ல விஷயம்தான், ஆனால் அதற்கென்று ஒரு காலம் நேரம் இல்லையா, பள்ளிக்கூட நேரத்தில்தான் நடத்த வேண்டுமா என்று நாகமுத்து கேட்டார். இருளப்பன் சார் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கடைசியில் பேசியது முத்திருளாயியின் அம்மா பேச்சிதான்.

“உங்க மேல கோவம் இல்ல டீச்சர். நாலு மைலு அந்த வண்டியத் தள்ளிப் பாருங்க, அப்புறம் பேசுவோம்.”

செசிலி டீச்சர் மோர்த் தம்ளரைக் கீழே வைத்தார். பேச்சியின் உள்ளங்கை எப்படி இருக்கும் என்று அவர் பார்த்திருக்கிறார். பேசிப் பேசி ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. ஒரு கோரைப்பாய், ஆறடி நீளம், மூன்றடி அகலம், அவ்வளவு இடத்தில் டீச்சர் பாடம் நடத்திக்கொள்ளலாம், பாயைத் தாண்டக் கூடாது. பாயை நாகமுத்து தன் வீட்டிலிருந்தே கொடுத்தார், கல்விக்குத் தான் செய்த தானம் என்று அதை ஒரு கூட்டத்தில் குறிப்பிட்டார், அன்றைக்கும் நன்றாகப் பெய்தது.

பாயில் டீச்சரும் ஒரு பிள்ளையும்தான் உட்கார முடியும். செசிலி டீச்சர் முத்திருளாயியை வைத்துக்கொண்டு மற்றப் பதினெட்டுப் பேரையும் எழுந்து போகச் சொன்னார். அவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். தன் சர்வீஸில் தான் செய்த மோசமான காரியம் அதுதான் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். யோனாஸ் அந்தப் பாயைப் படம் எடுத்து, தன் பயிற்சியினால் உருவான ‘நெருக்கக் கற்றல் மூலை’ என்று தலைப்புக் கொடுத்து அனுப்பி வைத்தார்.

மார்கழி முழுக்க வார்த்தைகள். தையில் இரண்டு வார்த்தை சேர்ந்து வந்தது. மாசியில் ஒரு நாள், பருப்புக் கட்டி வந்த காகிதத்தை நீட்டியபோது, முத்திருளாயி அதில் இருந்த காணவில்லை விளம்பரத்தை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, யாரோ காணாமல் போயிட்டாராம் டீச்சர் என்று வருத்தப்பட்டாள். செசிலி டீச்சர் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். சுற்றிலும் மழை கொட்டிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

பங்குனிக் கடைசியில் நிறைவு விழா. நிறுவனம் அடுத்த வருடத்துக்கு வேறொரு நாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டது, இங்கர் அம்மாளும் யோனாஸும் விழா முடிந்ததும் கிளம்புகிறார்கள். அதாவது, கடைசி மழை. ஊர் சும்மா இருக்கவில்லை. பயிற்சி அறை வாசலிலிருந்து ஊரணி வரைக்கும் வாய்க்கால் வெட்டினார்கள், பத்து நாள் ஆணும் பெண்ணும் வெட்டினார்கள். ஒரு பெருமழை பெய்தால் கோடை தாண்டிவிடும். அப்படிப்பட்ட மழையைக் கொண்டுவருகிற உரையை எழுதும் பொறுப்பு இருளப்பன் சாருக்கு. இரண்டு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு, விஷயம் என்று ஒரு துளி எங்கேயும் ஒட்டிவிடாமல் கவனமாக எழுதினார். அதை ஒரு குழந்தை பேச வேண்டும் என்று இங்கர் அம்மாள் ஆசைப்பட்டார். மனப்பாடம் செய்வதில் முத்திருளாயியை மிஞ்ச ஆளில்லை. ஒத்திகையில் அவள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்து முடித்தபோது, பன்னிரண்டு பேர் பாதி மனதோடு தட்டியதற்கே முழங்கால் அளவு நின்றது. ஊருக்கு நிம்மதி வந்தது.

விழா அன்று காலையில் செசிலி டீச்சர் முத்திருளாயியைத் தனியாகக் கூப்பிட்டார். வரும் வழியில் அவர் அந்த வாய்க்காலைப் பார்த்திருந்தார், அதன் கரையில் துடைத்து வைத்திருந்த குடங்களையும் பார்த்திருந்தார்.

“மனப்பாடமாவே சொல்லிரு ஆத்தா. தாளைப் பாக்காதே.”

“அப்பா வர்றேன்னு சொல்லியிருக்காரு டீச்சர்.”

“தெரியும். அப்பாக்கிட்ட நான் அப்புறம் பேசிக்கிறேன்.”

என்ன பேசினாலும் கருமலையான் நம்பப் போவதில்லை, இவளும் அக்காளைப் போல ஒப்பிக்கத்தான் செய்கிறாள் என்று பிள்ளையைக் காட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார் என்று டீச்சருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். ஒரு ஊருக்குத் தண்ணீரா ஒரு பிள்ளைக்குப் படிப்பா என்று தன்னைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் யாரென்று பார்த்தால், எல்லோருமே நல்லவர்களாக இருந்தார்கள். அதுதான் அவருக்கு ஆத்திரமாக வந்தது.

விழாவுக்கு அறை கொள்ளாத கூட்டம், வாசலில் வண்டிகள், ஜன்னல்களில் முகங்கள். பின்சுவரை ஒட்டி, கரி படிந்த கைகளைக் கட்டிக்கொண்டு கருமலையான் நின்றார். முத்திருளாயி மைக்குக்கு முன்னால் வந்து, கையில் தாளை வைத்துக்கொண்டு, கண்ணை நேரே சுவரில் வைத்து ஆரம்பித்தாள். கடல் கடந்து வந்த கல்விச் சுடர்களே, எங்கள் சின்னஞ்சிறு சிறகுகளுக்கு வானத்தை அறிமுகப்படுத்திய வானவில்களே என்று கடகடவென்று போனது. இரண்டாவது பத்தியிலேயே தளம் வியர்க்க ஆரம்பித்தது, மண் வாசனைகூட வந்தது. வாசலில் பெண்கள் குடத்தை நிமிர்த்தினார்கள்.

மூன்றாவது பத்தியில் அவள் கண் பின்சுவர்ப் பக்கம் போனது, அப்பாவைப் பார்த்தாள், வாய் நின்றது. அடுத்த வரி வரவில்லை. இருளப்பன் சார் உதட்டை அசைத்து எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். அவள் பதறிப்போய் தாளைக் குனிந்து பார்த்தாள். பார்த்த பிறகு என்ன செய்ய முடியும்? வாசிக்கத் தெரிந்தவர்களால் எழுத்தைப் பார்த்துவிட்டு வாசிக்காமல் இருக்க முடியாது, அது கை மீறிய காரியம். அவள் விரலை வைத்தாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவளைப் போல வாசிக்க ஆரம்பித்தாள். உலகத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒளிரும் உங்கள் உன்னதப் பணி என்று வாசித்தாள். பிறகு, அந்த வரிக்குப் பக்கத்தில் இருளப்பன் சார் பென்சிலால் தனக்காக எழுதி வைத்திருந்ததையும் விடாமல் வாசித்தாள். இங்கே நிறுத்தவும், கூட்டம் கை தட்டாவிட்டால் வரியைத் திரும்பச் சொல்லவும் என்று ஒலிபெருக்கியில் கேட்டது. தாளின் அடியில் இருந்த ஜெராக்ஸ் கடையின் பெயரையும் வாசித்து, நன்றி வணக்கம் என்று முடித்தாள்.

பன்னிரண்டு ஆசிரியர்களும் எழுந்து நின்று தட்டினார்கள். ஒரு விரல், இரண்டு, மூன்று. ஐந்து விரலுக்கு வந்து, கை சிவக்கச் சிவக்கத் தட்டினார்கள். தளத்தில் இருந்த வியர்வையும் காய்ந்து, போன மாதம் அடித்த சுண்ணாம்பு வெளேரென்று தெரிந்தது. தட்டு ஓய்ந்தது. ஒரு ஊர் முழுக்க வெறும் குடத்தோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. பேச்சி மகளைப் பார்த்த பார்வையைப் பார்க்க மாட்டாமல் செசிலி டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

கருமலையான்தான் முதலில் அசைந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தளத்தைப் பார்த்தார், குனிந்து தரையை ஒரு கையால் தடவிப் பார்த்தார், அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரித்தூள் அப்படியே இருந்தது, ஒரு இடத்தில்கூடக் கரையவில்லை.

“ஒரு சொட்டு விழலை” என்றார். “அப்ப நெசமாத்தான் வாசிச்சிருக்கா.”

செசிலி டீச்சர் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“ஆறாப்புக்கு பஸ் எத்தன மணிக்கு டீச்சர்?”

டீச்சர் பதில் சொல்வதற்குள், அந்த மனுஷர் என்ன சொல்கிறார் என்று யோனாஸ் ஆர்வத்தோடு கேட்டார். தேவசகாயம் சார் வாயைத் திறந்தார், உள்ளது உள்ளபடி சொல்லத்தான் திறந்தார். அப்போது வாசலில் பேச்சியின் வண்டி கண்ணில் பட்டது, எட்டு வெறும் குடம். இத்தனை வருடத்தில் மாற்றிச் சொல்லியறியாத அந்த மனுஷர் ஒரு முறை எச்சிலை விழுங்கிக்கொண்டு, இந்தப் பயிற்சி எங்கள் சமூகத்தின் வாழ்வில் நிலைத்த மாற்றத்தை ஏற்படுத்தியிருக்கிறது என்று சொல்கிறார் என ஆங்கிலத்தில் சொன்னார்.

இங்கர் அம்மாள் கண்ணீர் விட்டார். யோனாஸ் எழுந்து நின்று ஒரு விரலால் உள்ளங்கையில் தட்ட ஆரம்பித்தார், பழக்க தோஷத்தில் பன்னிரண்டு பேரும் கூடவே தட்டினார்கள், மூன்றாம் விரலுக்குள் தளம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. பெண்கள் குடத்தோடு உள்ளே ஓடினார்கள், ஆண்கள் வாய்க்கால் மடையைத் திறக்க வெளியே ஓடினார்கள், பேனர் அறுந்து விழுந்தது. அந்த இரைச்சலில் நனைந்த சேலையோடு நின்றுகொண்டு செசிலி டீச்சர் கருமலையானின் காதுக்குக் கேட்கும்படி கத்திச் சொன்னார்.

“ஏழே முக்காலுக்கு. முத நாளு நானும் வர்றேன்.”